நிறுத்திய லொறிக்குள் ஏசி: எஞ்சின் ஓடாமல் குளிர்விக்கும்போது வரும் பழுதுகளும் அவற்றைப் பிடிக்கும் வழியும்

பின்னேரம் சுன்னாகத்திலோ திருநெல்வேலியிலோ மரக்கறி ஏற்றி, இரவெல்லாம் ஏ9 வீதியில் ஓடி, விடியப்புறம் பேலியகொடையில் இறக்கிவிட்டுப் பகலில் கபினுக்குள்ளேயே படுக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எஞ்சின் இல்லாமல் பற்றரியில் ஓடும் லொறி ஏசிப் பெட்டியோடு வரும் கையேடுகள் இரவில் நித்திரை கொள்கிற சாரதியை நினைத்து எழுதப்பட்டவை. எங்கள் ஆட்கள் பலர் படுப்பது காலை ஒன்பது மணிக்குப் பிறகு, உச்சிவெயில் கூரையில் இறங்கும் நேரத்தில். கையேட்டில் எட்டு மணித்தியாலம் ஓடும் என்று போட்டிருப்பது இங்கே ஐந்தாகிப் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். மிச்சப் பாதியைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பதைப் பற்றி அதிகம் கதைக்கத் தேவையில்லை. சின்ன லொறி மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றரும் பெரியது இரண்டு மூன்று லீற்றரும் சும்மா நின்றபடியே குடிக்கும். 2022இல் கியூஆர் அட்டையோடு டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த லீற்றரின் பெறுமதி தெரியும். அதைவிடப் பெரிய பயம் புகை. சைலன்சரில் ஒரு ஓட்டை, பக்கத்தில் ஒரு சுவர், காற்றில்லாத இடம், இவ்வளவும் சேர்ந்தால் கார்பன் மொனொக்சைட் கபினுக்குள் ஏறும். அதற்கு மணமில்லை, நித்திரையில் இருப்பவர் எழும்பவும் மாட்டார்.

வேலையில் இறங்க முதல் ஒன்று சொல்லவேண்டும். ஏசி பழுது என்று வருகிற லொறிகளில் ஏசியே பழுதாக இருப்பது குறைவு. பழுது பெரும்பாலும் வயரிலோ லக்கிலோ (வயர் முனையில் அழுத்திப் போடும் உலோகக் காது) பியூஸிலோ பற்றரியிலோ இருக்கும். ஆகவே கொம்பிரசரில் கைவைக்க முதல் மல்டிமீற்றரை எடுங்கள். வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீற்றர் வாங்குவதானால் டிசி அம்பியர் அளப்பதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானவை பல வீட்டுக் கரண்டை மட்டுமே அளக்கும், பற்றரி வயரில் பிடித்தால் பூச்சியம் காட்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் 24 வோல்ட் லொறிக்கு, அதாவது இரண்டு 12 வோல்ட் பற்றரியைத் தொடராகப் போட்டதற்கு. டிமோ பட்டா போன்ற 12 வோல்ட் வாகனமென்றால் வோல்ட்டைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், அம்பியரை இரட்டிப்பாக்குங்கள். அம்பியர் இரட்டித்தால் வயரும் தடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

"ஸ்விட்சைப் போட்டா ஒண்டுமே இல்லை"

ரிமோட்டின் பற்றரியை மாற்றிப் பாருங்கள். சிரிக்கவேண்டாம், நடக்கிற விஷயம். அடுத்தது பிரதான பியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவெடுக்காமல் இரண்டு பக்கமும் வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

அண்மையில் எஞ்சின் வேலைக்காகக் கபினை முன்னால் சரித்தீர்களா? கன்டர், எல்ஃப் போன்றவற்றில் இதுதான் நான் முதலில் கேட்கிற கேள்வி. கூரையில் பூட்டிய ஏசிக்குப் போகும் வயர் சேஸிஸிலிருந்து கபினுக்கு ஏறும் இடத்தில் தளர்வு விட்டிருக்காவிட்டால், கபின் சரியும்போது வயர் இழுபடும், திரும்ப இறங்கும்போது நசியும். ஒரு தரத்தில் அறாது. நாலைந்து சேவிஸுக்குப் பிறகு ஒருநாள் செத்துப்போகும், அல்லது அதைவிட மோசமாக உறை கிழிந்து சேஸிஸில் முட்டும். கபினைச் சரித்து வைத்துக்கொண்டே அந்த வளைவை லைற் அடித்துப் பாருங்கள். பியூஸ் பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். பியூஸ் ஏசியின் பக்கத்தில் இருந்தால், நடுவில் முட்டிய வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

"ஃபான் சுத்துது, கொம்பிரசர் பிடிச்ச உடன நிக்குது"

அதிகம் வருகிற முறைப்பாடு இது. இதற்காகவே நல்ல ஏசிகளைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். ஃபானுக்கு நாலைந்து அம்பியர் போதும். கொம்பிரசர் பிடித்ததும் அது 30, 40 அம்பியருக்குத் தாவும். வயர் மெல்லிசாகவோ ஒரு இணைப்பு கறளாகவோ இருந்தால் வோல்ட் வழியிலேயே விழும். ஏசிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை அதைப் பார்த்துவிட்டுப் பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும். கொம்பிரசர் நின்றதும் வோல்ட் திரும்ப ஏறும். மூன்று நிமிடம் கழித்து மறுபடி பிடிக்கும், மறுபடி நிற்கும். அந்த மூன்று நிமிட இடைவெளி பழுதல்ல, கொம்பிரசரைக் காக்க வைத்த தாமதம்.

"தம்பி, இந்தப் பெட்டி ஓட்டைப் பெட்டி, மாத்தித் தரச் சொல்லு" என்று கோபத்தோடு வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "அண்ணை, கொம்பிரசர் ஓடேக்க ரெண்டு பக்கமும் வோல்ட் பாத்தியளோ?" ஓடேக்க என்பதுதான் முக்கியம். நிற்கும்போது அளந்தால் அறுந்துபோகும் தறுவாயில் இருக்கிற வயரும் 25 வோல்ட் காட்டும்.

கொம்பிரசர் ஓடும் அந்த நிமிடத்தில் பற்றரியின் முனைகளில் ஒரு அளவு, ஏசியின் முனைகளில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயர் சரி. ஒரு வோல்ட் அல்லது அதற்கு மேலென்றால் ஏசியில் பழுதில்லை, வழியில்தான் பழுது.

வழியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நேர் முனையிலும் மற்றதைப் பியூஸின் மறுபக்கத்திலும் வையுங்கள். வருகிற வோல்ட் அந்தத் துண்டில் தொலைகிற வோல்ட். பிறகு பியூஸிலிருந்து ஏசி நேர் முனை வரைக்கும் பாருங்கள். பிறகு ஏசியின் மறை முனையிலிருந்து பற்றரியின் மறை முனை வரைக்கும். ஆட்கள் பார்க்காமல் விடுவது இந்தக் கடைசித் துண்டைத்தான். மறை வயரைக் கபினின் ஏதோ ஒரு போல்ட்டில் முடித்து, மிச்சத்தைச் சேஸிஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். பெயின்ற் சுரண்டாத போல்ட்டுக்கும் கறள் பிடித்த எர்த் பட்டிக்கும் நடுவில் முக்கால் வோல்ட் காணாமல் போகும். 40 அம்பியர் எடுக்கிற சாமானுக்கு மறை வயரும் பற்றரி வரைக்கும் நேரே போகவேண்டும்.

வயரின் தடிப்புக்கு ஒரு கணக்கு. பற்றரியிலிருந்து ஏசிக்கு 4 மீற்றர் என்றால் போக வர 8 மீற்றர். 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 40 அம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் தொலையும். அதுவே 25 சதுர மில்லிமீற்றரென்றால் 0.2 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெட்டியோடு வரும் வயரை வெளித்தடிப்பைப் பார்த்து நம்பாதீர்கள். தடித்த ரப்பர் உறைக்குள் மெல்லிய கம்பி இருக்கும். இன்னொன்று, அறுத்த முனையில் ஒரு இழையைப் பிளேட்டால் மெதுவாகச் சுரண்டுங்கள். சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். இந்த வேலைக்கு அது உதவாது.

லக்கையும் திறந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் உப்பு விடாது. ஆனையிறவில் கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்றே உப்பாக இருக்கும். மீன் லொறியென்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சேஸிஸ் முழுக்க வழியும். வெளியே லக்கை மூடிய பிளாஸ்டிக் சுருக்குக் குழாய் பளபளவென்று இருக்கும், அதை வெட்டினால் உள்ளே கம்பி பச்சைத் தூளாகக் கொட்டும். அப்படியொரு லக்கில் 0.3 வோல்ட் தொலைந்தாலே 12 வாட் சூடு. சின்னச் சோல்டரிங் அயன் ஒன்றின் பாதி அளவு சூட்டை மரக்கறிச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறீர்கள் என்று அர்த்தம். அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்திய கையோடு ஒவ்வொரு லக்கையும் பியூஸ் கூட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாவிட்டால் வெட்டிப் புதிதாக அழுத்திப் போடவேண்டும். லக்கைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குவது அழுத்துவதாகாது, அதற்குரிய கிரிம்பிங் குறடு வேண்டும்.

"ரெண்டு மணித்தியாலம்தான் ஓடுது"

வயர் சரி, கொம்பிரசரும் ஒழுங்காகப் பிடிக்கிறது, ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது என்றால் மீற்றரை வைத்துவிட்டுப் பேனாவை எடுங்கள். இது பழுதாக இல்லாமல் வெறும் கணக்காகவும் இருக்கலாம்.

லொறியோடு வந்த இரண்டு 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் 24 பெருக்கல் 100, 2400 வாட்-மணி, அதாவது மின்சார சபைக் கணக்கில் 2.4 யூனிற். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் கெடும், ஆகவே கையில் இருப்பது 1.2 யூனிற். ஏசி சராசரியாக 500 வாட் எடுத்தால் இரண்டரை மணித்தியாலம்கூட வராது. அந்த 100 என்ற எண்ணும் 20 மணித்தியாலத்தில் மெதுவாக எடுத்தால்தான் கிடைக்கும், வேகமாக எடுக்க எடுக்கக் குறையும். ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று செய்த பற்றரி இந்த வேலைக்குப் பிறந்ததே அல்ல.

லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி 25.6 வோல்ட் 200 அம்பியர்-மணி என்றால் 5.1 யூனிற். அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுக்கலாம், 4.6. இரவில் 500 வாட் என்றால் ஒன்பது மணித்தியாலம், பகல் வெயிலில் 650 வாட் என்றால் ஏழு. காசு கூடத்தான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் ஈயப் பற்றரிச் சோடி மாற்றுகிறவர் அந்தக் காசை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கணக்குப்படி ஏழு மணித்தியாலம் வரவேண்டிய இடத்தில் மூன்றே வந்தால்தான் அது பழுது. ஈயப் பற்றரியென்றால் ஏசியை நிறுத்தி ஒரு மணித்தியாலம் விட்டு அளவுங்கள்: 25.4 என்றால் நிறைவு, 24.4 என்றால் பாதி, 23.8க்குக் கீழே என்றால் அனேகமாக வெறுமை. நிறுத்திய பிறகும் 24.6 காட்டிக்கொண்டு ஏசி வெட்டுகிறது என்றால், ஏசியின் குறைந்த வோல்ட் வரம்பு உயர்வாக வைக்கப்பட்டிருக்கும். அந்த வரம்பு ஏசி ஓடும்போது வரும் வோல்ட்டுக்கு; தனிப் பற்றரிக்கு 22 அல்லது 22.5 போதும். ஸ்டார்ட் பற்றரியோடு பகிர்கிறீர்கள் என்றால் 23க்குக் கீழே இறக்கவேண்டாம். லித்தியத்தில் இந்த வோல்ட் அளவு உதவாது, நிறைவிலிருந்து கிட்டத்தட்ட வெறுமை வரைக்கும் 26 சொச்சத்திலேயே நிற்கும். அதற்குப் போகிற வருகிற அம்பியரைக் கணக்கு வைக்கும் ஷன்ற் வைத்த அளவுமானி வேண்டும், அல்லது பற்றரியின் பிஎம்எஸ் (பற்றரிக்குள் இருந்து அதைக் காக்கும் பலகை) போனில் காட்டும் வீதத்தைப் பாருங்கள்.

"படுத்து எழும்பினா லொறி ஸ்டார்ட் ஆகுதில்லை"

ஏசிக்குத் தனிப் பற்றரி போட்டும் இது நடந்தால், இரண்டும் எங்கேயோ சேர்ந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி ஏசியை ஓடவிட்டு இரண்டு பற்றரிக் கூட்டங்களையும் அளவுங்கள். தசமம் வரைக்கும் ஒரே அளவு என்றால் அவை பிரியவில்லை.

காரணம் அதிகமாக இரண்டு கூட்டங்களையும் சேர்த்துப் பிரிக்கும் றிலே. வோல்ட்டைப் பார்த்துச் சேர்க்கும் றிலே பொதுவாக 25.6 அளவுக்கு இறங்கினால்தான் பிரியும். லித்தியம் பற்றரி நிறைந்து சும்மா இருக்கும்போதே 26.6 இருக்கும். ஆகவே எஞ்சின் நின்றும் றிலே விடாது, ஏசி இரண்டையும் சேர்த்து உறிஞ்சும். றிலேயைத் திட்டவேண்டாம், அது ஈயத்துக்கு ஈயம் சேர்ப்பதற்கான சாமான். லித்தியத்துக்கு, எஞ்சின் பக்கத்துக் கரண்டை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான், அதுவும் எஞ்சின் ஓடினால் மட்டும் வேலை செய்யும்படி சிக்னல் வயர் கொடுத்தது.

"ஒரு பற்றரி மட்டும் அடிக்கடி சாகுது"

இரண்டையும் தனித்தனியே அளந்தால் ஒன்று 12.7, மற்றது 11.9 என்று வரும். பாட்டுப் பெட்டிக்கோ போன் சார்ஜருக்கோ 12 வோல்ட்டை ஒரு பற்றரியிலிருந்து மட்டும் எடுத்திருப்பார்கள். அது தினமும் கொஞ்சம் கூட இறங்கும், அல்டர்னேற்றரோ இரண்டையும் ஒரே மாதிரி நிரப்பும், அதனால் மற்றது கொதிக்கும். 24இலிருந்து 12க்கு மாற்றும் சின்னக் கொன்வேட்டரைப் போட்டு அந்த வயரைப் பற்றரியிலிருந்து எடுத்துவிடுங்கள். செத்ததை மட்டும் மாற்றிப் புதிதையும் பழசையும் சோடி சேர்த்தால், கொஞ்ச நாளில் திரும்ப வருவீர்கள்.

"இரவு முழுக்க ஓடியும் நிரம்புதில்லை"

எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 27.5இலிருந்து 28.5 வரைக்கும் வரவேண்டும். வராவிட்டால் அல்டர்னேற்றர் பெல்ட், பிறஷ், றெகுலேற்றர் என்று போகவேண்டியதுதான். வந்தும் நிரம்பவில்லை என்றால் சார்ஜ் வயரில் வோல்ட் தொலைகிறதா என்று மேலே சொன்ன மாதிரியே துண்டு துண்டாகப் பாருங்கள். 40 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு ஒரு யூனிற் அளவு போடும், 4.6 யூனிற்றுக்கு ஐந்து மணித்தியாலம். யாழ்ப்பாணம் – கொழும்பு ஓட்டத்துக்கு அது தாராளம்.

சார்ஜர் இல்லாமல் லித்தியத்தை அல்டர்னேற்றரோடு நேரே கட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லித்தியம் கொடுத்ததையெல்லாம் குடிக்கும், அல்டர்னேற்றர் எரியும் வரைக்கும் குடிக்கும். பிஎம்எஸ் சட்டென்று வெட்டினால் எழும்பும் வோல்ட் உதைப்பில் டயோட்டும் போகும்.

இன்னொரு இடக்கான காரணம் சூடு. பற்றரிப் பெட்டியைச் சைலன்சருக்குப் பக்கத்தில் பூட்டியிருந்தால் ஓட ஓட அது வேகும், 55, 60 பாகைக்கு மேல் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். ஆறியதும் சரியாகிவிடுவதால் கராஜில் நிற்கும்போது பழுதே தெரியாது. நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு போனில் பற்றரியின் வெப்பத்தைப் பாருங்கள்.

"ஓடுது, ஆனா குளிரில்லை"

ஏசி காற்றை இழுக்கிற இடத்திலும் விடுகிற இடத்திலும் வெப்பமானி வையுங்கள். வித்தியாசம் 8 பாகைக்கு மேல் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, கபின்தான் பிடிக்கவில்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் 1000 வாட் வரைக்கும் விழும். முன்கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விடும், 500 வாட் கொடுத்து வாங்கும் குளிரை அது தின்னும். மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே போடுங்கள், உள்ளே போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. பின்னேரம் படுக்கிறீர்கள் என்றால் லொறியின் மூக்கைக் கிழக்கே பார்க்க நிறுத்துங்கள், பின்னால் இருக்கும் உயரப் பெட்டியின் நிழல் கபினில் விழும். செலவில்லாத வேலை, ஆனால் பல ஆட்கள் செய்வதில்லை.

பெட்டிக் கூரையில் 300 வாட் சோலார் பனல் போட்டால் நல்ல வெயில் நாளில் 1.2 யூனிற் அளவு வரும். பகலில் படுக்கிறவருக்கு அது பற்றரிக்குப் போகாமல் நேரே ஏசிக்கே போகும். இரவில் படுக்கிறவரைவிட எங்களுக்கு இருக்கிற ஒரே வசதி இதுதான்.

வித்தியாசம் 8 பாகைக்குக் கீழே என்றால் சூட்டை வெளியே விடும் வெளிச்சுருளைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்து ஒழுங்கைகளில் ஏற்றி இறக்கும் லொறியென்றால், அந்தத் தகட்டு இடுக்குகளில் சிவப்பு மாவு அப்பியிருக்கும். உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடியுங்கள், அமுக்கம் குறைவாக, தகடு மடியாமல். பிரிவு வகை ஏசியில் வெளிப்பெட்டி கபினுக்கும் சாமான் ஏற்றும் பொடிக்கும் நடுவில் இருக்கும். படங்கை இழுத்துக் கட்டும்போது அதை மூடிவிட்டால் தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு நிற்கும். இவ்வளவுக்கும் பிறகுதான் காஸ். காஸை நிறைபார்த்துத்தான் போடவேண்டும், எத்தனை கிராம் என்று பெட்டி லேபிளில் இருக்கும். கூடப் போட்டால் குளிர் குறையும், அம்பியர் ஏறும், கதை திரும்பவும் கொம்பிரசர் பிடித்த உடனே நிற்கிற பழுதுக்கே போகும்.

"வீட்டு ஏசியை இன்வேற்றரில போட்டா என்ன?"

9000 பிரியூ (BTU, குளிர்விக்கும் வலுவின் அளவு) வீட்டு ஏசி 800 வாட் அளவு எடுக்கும், பழைய வகையென்றால் பிடிக்கும் கணத்தில் அதன் மூன்று நாலு மடங்கு. பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் 1500 வாட் இன்வேற்றர் அந்த இடத்தில் கத்திவிட்டு நிற்கும். பெரிய இன்வேற்றர் போட்டாலும் பத்துப் பதினைந்து வீதம் அதற்குள்ளேயே சூடாகப் போகும். வீட்டு ஏசியின் குழாய்கள் தெருவின் குலுக்கத்துக்குச் செய்யப்பட்டவையும் அல்ல. நான் பூட்டிக் கொடுப்பதில்லை.

"தண்ணி தலையில ஒழுகுது"

வடிகுழாய் அடைத்திருக்கும், அல்லது லொறி சரிந்து நிற்கும். வீதியோரம் ஒருபக்கச் சில்லுகளை மண்ணில் இறக்கி நிறுத்தினாலே போதும், தட்டில் தேங்கும் தண்ணீர் வடிவாயை விட்டுக் கட்டில் பக்கம் வரும். குழாயை வாயால் ஊதிப் பாருங்கள். அடைப்பில்லை என்றால் லொறியைச் சமதரைக்கு எடுத்துவிட்டுப் படுங்கள்.